நுளம்புக் கடியும் கமக்காரரும்
இயற்கை முறைகளால் தடுத்தலும் பரிகாரம் செய்தலும்

நெல்லுக்கும் காய்கறிக்கும் நீர் இன்றியமையாதது. அந்நீரே நுளம்புக்கும் பிறப்பிடமாகும். ஆதலின், கமஞ்செய்யும் குடும்பங்கள் மற்றையோரிலும் பார்க்க நுளம்புக் கடிக்கு அதிகம் ஆளாகின்றன. மாலை மங்கும் வேளையில் வயலுக்கு நீர் கட்டச் செல்பவர், இரவிற் பரணிலிருந்து பன்றிக்கும் யானைக்கும் காவல் காப்பவர், விடியுமுன் வெங்காயத்துக்கு நீர் இறைப்பவர், வாழைத் தோட்டத்து நிழலிற் களை பிடுங்குபவர் ஆகிய எல்லோரும் நுளம்புகள் திரியும் இடத்தில், அவை திரியும் நேரத்தில், வேலை செய்ய வேண்டியவராயிருக்கின்றனர்.

கடியினால் உண்டாகும் அரிப்பும் தூக்கக் கேடும் சிறு தொல்லைகளே. அதன்பின் வருங் காய்ச்சலே பெருந் தீங்கு விளைவிப்பது. அரிவு வெட்டுக் காலத்திற் குடும்பத் தலைவர் பத்து நாள் நோயாய்ப் படுத்தால், முற்றிய நெல் வயலிற் கொட்டுண்டு போகும்; கூலியாட்களுக்குக் கடன்பட நேரும்; சிலவேளை உயிருக்கே ஆபத்து உண்டாகும். ஆகவே நுளம்பைத் தடுத்தல் சுகாதாரப் பகுதியினருக்கு மட்டும் உரிய கடமையன்று. அது நிலத்தைப் பண்படுத்தல், நீர் பாய்ச்சல், களை நீக்கல் என்பன போன்று கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும்.

நுளம்பை விலக்குவதற்கு எண்ணெய்கள், புகை, இலைவகைகள் எனப் பல இயற்கைப் பொருள்கள் நம்மவரிடையே வழங்கி வருகின்றன. அவற்றுட் சில நற்பயன் தருவன, சில பயனற்றன, சில தீங்கு செய்வன. அவை எவ்வெவை என்பது இங்கு கூறப்படும். எனினும் முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். தோலிற் பூசும் எண்ணெய் ஓரிரு மணிநேரத்துக்கே காவலாகும். தேங்கும் நீரைக் கட்டுப்படுத்தலோ போகம் முழுவதற்கும் காவலாகும்.

சென்ற காலம் தரும் பாடம்

மழை மிகுந்த ஆண்டிலேதான் நுளம்பு பெருகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இலங்கையின் வரலாறு இதற்கு மாறான ஒரு பாடத்தைத் தந்திருக்கிறது. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று, மணலிடையே சிறு சிறு குட்டைகளாயின. தெளிந்த நீரும் வெயிலும் பொருந்திய அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்பு அளவின்றிப் பெருகிற்று. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1935ஆம் ஆண்டிலும் நீடித்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலுள்ள கமக்காரக் குடும்பங்களே பெரிதும் அழிந்தன. ஓடும் ஆறு செய்யாத தீங்கை நின்றுபோன ஆறு செய்தது.

1945ஆம் ஆண்டின் பின்னர் வீட்டுச் சுவர்களில் டீ.டீ.ரீ. தெளிக்கும் வேலை நாடெங்கும் நடைபெற்றது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. நோய் ஒழிந்தது என எண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1967ஆம் ஆண்டின் பின் நோய் மீண்டுந் தலைகாட்டி, 1969ஆம் ஆண்டில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. டீ.டீ.ரீ.க்கு மடியாத நுளம்பினமும் பெருகியமையால், பின்னர் வேறு நஞ்சுகளை நாட வேண்டியதாயிற்று.

அதன்பின் பல ஆண்டுகள் செய்யப்பட்ட இடைவிடா முயற்சியின் பயனாக, 2012ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தின் பின் இந்நாட்டினுள்ளே நுளம்பினால் தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார தாபனம் சான்று வழங்கிற்று. ஆயினும் நோய் நீங்கியதேயன்றி நுளம்பு நீங்கவில்லை. சான்று பெற்ற சில மாதங்களுள், இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் வேறோர் அனோபிலிசு இனம் மன்னார்த் தீவின் கிணறுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் முன்னொருபோதும் இல்லாத அளவிற் பரவி, 1,86,000 பேருக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. எனவே விழிப்பைக் கைவிடுதற்கு இன்னும் காலம் வரவில்லை.

நுளம்பின் வாழ்க்கை

பகைவனை வெல்ல விரும்புவோர் அவன் வாழும் முறையை அறிதல் வேண்டும். நுளம்பின் வாழ்வில் நான்கு பருவங்கள் உள. அவை முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்பன. முதல் மூன்று பருவங்களும் நீரையே சார்ந்தன. நமது நாட்டு வெப்பத்தில் முட்டை நிறைவுடலியாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் வரை செல்லும். வாரத்துக்கு ஒருமுறையேனும் நீரை அகற்ற வேண்டும் என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. ஏழாம் நாளுக்கு முன்னர் நீர் வற்றினாற் குடம்பிகள் யாவும் மடியும்.

ஆண் நுளம்பு கடிப்பதில்லை. அது பூந்தேன் முதலிய இனிய சாறுகளை உண்டு வாழும். பெண் நுளம்பே முட்டை விளைவதற்காக இரத்தத்தை உறிஞ்சும். ஒருமுறை இரத்தம் உண்டபின் ஏறத்தாழ நூறு முட்டைகளை அது இடவல்லது.

கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய நுளம்பு வகைகள் மூன்றாகும்.

அனோபிலிசு: இது மலேரியாவைப் பரப்புவது. இரவிற் கடிக்கும். ஆற்றுக் குட்டை, வாய்க்காற் கசிவு, கிணறு முதலியவற்றின் தெளிந்த நீரிற் பெருகும். சுவரில் அமரும்போது உடலைச் சாய்த்து, பின்புறத்தை உயர்த்தி நிற்கும். இதன் குடம்பி நீர்மட்டத்துக்கு ஒப்பக் கிடையாகக் கிடக்கும்.

கியூலெக்சு: இதுவும் இரவிற் கடிப்பதே. இதனுள் ஓரினம் நெல்வயலிற் பெருகி, யப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. வேறோரினம் அழுக்கு நீரிலும் மலக்குழியிலும் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பவல்லது. இதன் குடம்பி தலைகீழாகத் தொங்கும்.

ஈடிசு: இது டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. கரிய உடலிலும் காலிலும் வெண்ணிறக் கோடுகள் காணப்படும். காலையிலும் பிற்பகலிலும் பகல் வெளிச்சத்திலேயே கடிக்கும். சிரட்டை, வாளி, ரயர், தொட்டி முதலியவற்றில் தங்கும் சிறிதளவு நீரிற் பெருகும். இதன் முட்டைகள் நீரற்ற பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மழை பெய்து நீர் நிறைந்ததும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தும்பினால் நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

நெல்வயலிற் செய்ய வேண்டியவை

உழுது நீர் கட்டிய நாள் முதல் பயிர் அடர்ந்து நிலத்தை மூடும் வரையுமுள்ள முதற் சில வாரங்களிலேயே வயலில் நுளம்பு மிகுதியாகப் பெருகும். ஆதலின் முதலிலேயே கவனஞ் செலுத்துதல் நன்று.

நிலத்தை மட்டமாக்குதல் முதற் கடமையாகும். மேடும் பள்ளமுமாயுள்ள வயலில், மேட்டுக்கு நீர் ஏறும்வரை பள்ளத்தில் ஆழமாக நீர் நிற்கும். வயல் காய்ந்த பின்னரும் பள்ளம் காயாது. உழவு இயந்திரத்தின் சில்லுத் தடங்களும் எருமைக் குளம்படிகளும் சிறு குளங்களாகின்றன. பலகை அடித்து வயலை மட்டமாக்கினால் நீர் மிச்சமாகும், களை குறையும், நுளம்பும் குறையும்.

இரண்டாவது, நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சுதல். நெல் எந்நேரமும் ஆழ்ந்த நீரில் நிற்க வேண்டும் என்பது தவறான எண்ணமாகும். பயிர் வேரூன்றி இரண்டு வாரங்கள் சென்றபின், 5 சென்ரிமீற்றர் அளவுக்கு நீர் பாய்ச்சி, அந்நீர் தானே வற்றும்படி விடல் வேண்டும். மேலே நீர் தெரியாத நிலையில் மேலும் 2 அல்லது 3 நாட்கள் விட்டு, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றத் தொடங்கும்போது மறுபடியும் நீர் பாய்ச்சலாம். இவ்வாறு செய்தாற் குடம்பிகள் நிறைவடையுமுன் மடிந்துபோகும்.

இம்முறையைக் கைக்கொள்வோர் சில எல்லைகளை மறத்தலாகாது. பெரிய வெடிப்புகள் தோன்றும்வரை வயலைக் காயவிடலாகாது. குடலைப் பருவந் தொடங்கிப் பூக்கும் பருவம் முடியும் வரையும் வயலிற் சிறிதளவு நீர் நிற்றல் வேண்டும். அக்காலத்தில் நீர் குன்றினாற் பதர் மிகும். மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைவில் வற்றுமாதலால் அங்கு இம்முறை பொருந்தாது. பயிர் இளமையாயிருக்கும்போது வயலைக் காயவிட்டாற் களை முளைக்கும். உரிய காலத்திற் களையெடுத்தல் அவசியமாகும்.

ஒருவர் தம் வயலைக் காயவிட, அயல் வயல்களில் நீர் தேங்கி நிற்குமாயின் பயன் குறையும். ஒரே வாய்க்காலின் கீழுள்ள எல்லோரும் ஒரே முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். போகத் தொடக்கத்திற் கமக்காரர் கூடும் கூட்டத்தில் இதனைப் பேசித் தீர்மானித்து, நீர்முறை வகுப்போருடன் ஒழுங்கு செய்துகொள்ளுதல் சிறந்தது.

மூன்றாவது, வாய்க்கால்களைத் துப்புரவாக வைத்திருத்தல். புல்லும் நீர்த்தாவரமும் அடர்ந்த வாய்க்காலில் நீரோட்டம் தடைப்பட்டு, கரையோரம் தேக்கமாகும். துருசின் கீழும் மதகின் கீழும் நீர் விழுந்து குழிவான இடங்கள், வரம்புக்கு மண் வெட்டிய கிடங்குகள், செங்கல்லுக்கு மண் எடுத்த குழிகள் ஆகியவற்றை நிரவுதல் வேண்டும். நிரவ இயலாதவற்றுக்கு வடிகால் வெட்டலாம். நீர் முறை முடிந்தபின் வாய்க்காலில் எஞ்சி நிற்கும் நீரையும் வடித்துவிடுதல் நன்று.

நான்காவது, வேப்பம் பிண்ணாக்கு இடுதல். இது பயிருக்கு நல்ல பசளை என்பது யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டில் மதுரை வட்டாரத்து நெல்வயல்களில் 1990ஆம் ஆண்டை அடுத்த காலத்திற் செய்யப்பட்ட ஆய்வுகளில், வேப்பம் பிண்ணாக்கு இட்ட வயல்களிலும், அதனைப் பூசிய யூரியா இட்ட வயல்களிலும் கியூலெக்சுக் குடம்பிகள் குறைந்தமை காணப்பட்டது. வேம்பு மிகுந்த யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பகுதிகளிற் கமக்காரர் இதனால் இருவகைப் பயனும் பெறலாம்.

பன்றி வளர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. யப்பானிய மூளைக்காய்ச்சலின் நச்சுக்கிருமி பன்றிகளிலும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் பெருகுவது. நெல்வயலிற் பெருகும் நுளம்பு அவற்றைக் கடித்துப் பின் மனிதரைக் கடிக்கும்போது நோய் தொற்றும். 1985, 1986ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம் முதலிய பகுதிகளில் இந்நோய் பரவிப் பலர் உயிரிழந்தனர். ஆகவே பன்றிக் கொட்டிலை வயலுக்கும் வீட்டுக்கும் தூரமாக அமைத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு உரிய வயதிற் சுகாதாரப் பகுதியினர் ஏற்றும் தடுப்பூசியையும் தவறவிடலாகாது.

தோட்டத்திலும் வளவிலும் செய்ய வேண்டியவை

காய்கறித் தோட்டத்தில் வயலைப் போன்ற பரந்த நீர் இல்லாவிடினும், டெங்கு நுளம்பு பெருகுதற்கேற்ற சிறு பாத்திரங்கள் மிகுதியாக உண்டு. கிருமிநாசினி கலக்கும் வாளிகளும் பீப்பாக்களும், வெற்றுப் போத்தல்களும், நாற்றுமேடையை மூடிய பொலித்தீன் விரிப்பின் மடிப்புகளும், நீர் இறைக்கும் இயந்திரத்தின் அருகே உண்டாகும் குழியும் அவற்றுட் சில. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். கிருமிநாசினி இருந்த போத்தல்களை எக்காரணங் கொண்டும் வேறு தேவைக்குப் பயன்படுத்தாது, ஒழுங்காக அகற்றுதல் வேண்டும்.

வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களிலுள்ள நீர்த்தொட்டிகளை வாரத்திற் குறித்த ஒரு நாளில் முற்றாக வற்றவிட்டு, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலிற் காயவிடுதல் வேண்டும்.

வீட்டு வளவிற் சிரட்டை, இளநீர்க் கோம்பை, விழுந்த கமுகம் மட்டை, உடைந்த முட்டி, பழைய ரயர் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் புதைக்கலாம். அல்லது மழை படாத இடத்தில் அடுக்கலாம். சிரட்டையை அடுப்புக்குப் பயன்படுத்துவோர் கவிழ்த்து அடுக்குதல் போதும். வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டையிலும் மரப்பொந்திலும் மண் அல்லது மணல் இட்டு நிரப்பலாம். கூரைப் பீலியிற் சருகு அடையாது பார்த்தல் வேண்டும். மாட்டுக் கொட்டிலின் தரையைச் சாய்வாக அமைத்தால் மூத்திரமும் கழுவுநீரும் தேங்காது வடிந்து எருக்குழியைச் சேரும். எருக்குழிக்கு மழைநீர் சேராதபடி ஒரு கூரை அமைத்தாற் பசளையின் சத்தும் கரைந்து போகாது.

வடபகுதியில் வடகீழ்ப் பருவமழையை அடுத்த மார்கழி, தை மாதங்களில் டெங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. மழை தொடங்குமுன் புரட்டாதி மாதத்திலேயே வளவைத் துப்புரவு செய்தல் தக்கது.

நீரில் வாழும் நண்பர்கள்

நெல்வயலில் வாழும் உயிர்கள் யாவும் பயிருக்குப் பகையல்ல. தும்பியின் குடம்பி, நீர்வண்டுகள், நீர்மூட்டைகள், சிறு மீன்கள் ஆகியன நுளம்புக் குடம்பியை உண்டு வாழ்கின்றன. பூச்சி தென்பட்டவுடன் தேவையின்றிக் கிருமிநாசினி தெளித்தால் இந்நண்பர்களே முதலில் அழிவர். நுளம்போ விரைவில் இனம் பெருக்குவதாதலால், காவலற்ற நீரிற் பன்மடங்காய்த் திரும்பி வரும். அன்றியும், வயலில் அடிக்கடி விழும் நஞ்சு அங்கு பிறக்கும் நுளம்புகளுள் அந்நஞ்சைத் தாங்கவல்லவற்றையே மிஞ்சச் செய்யும். பின்பு நோய் பரவுங் காலத்திற் சுகாதாரப் பகுதியினர் தெளிக்கும் மருந்தும் பயனற்றுப் போகக்கூடும்.

இக்காரணம் பற்றியே, 2002ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் இலங்கையின் விவசாயப் பகுதியும் சுகாதாரப் பகுதியும் கூடிக் கமக்காரருக்கு வயற்பள்ளிகளை நடத்தின. பயிர்ப்பீடையையும் நுளம்பையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் முறைகளைக் கமக்காரர் தம் வயலிலேயே நேரிற் கண்டு பயின்றனர். ஒரு கோப்பை வயல்நீரை எடுத்து, அதிற் குடம்பிகள் எத்தனை, அவற்றை உண்ணும் உயிர்கள் எத்தனை என எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை எவரும் கைக்கொள்ளலாம். வெள்ளைப் பீங்கானில் நீரை ஊற்றினால் இவை தெளிவாகத் தெரியும்.

கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி மீனை விடலாம். இச்சிறு மீன் குடம்பிகளை விரும்பி உண்ணும். மன்னாரிற் புதிய அனோபிலிசு இனம் காணப்பட்டபோது, கிணறுகளில் மீன் விடுதலும் கைக்கொள்ளப்பட்டது. பாவனையில்லாத கிணற்றை மண்ணிட்டு மூடுதல் அல்லது நுண்ணிய வலையால் மூடுதல் வேண்டும். இம்மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுதலாகாது. அங்குள்ள உள்நாட்டு மீனினங்களுக்கு அதனாற் கேடு விளையலாம்.

உடலைக் காத்துக்கொள்ளும் முறைகள்

வேலைக்குச் செல்லும்போது கை நீண்ட சட்டையும், காலை மூடும் உடையும் அணிதல் முதற்காவலாகும். வெளிர்நிற உடையை நுளம்பு குறைவாகவே நாடும். இரவிற் படுக்கும்போது வலை அவசியம். வலையின் ஓரத்தைப் பாயின் கீழ்ச் செருகாவிடின் வலையாற் பயனில்லை. பரணிற் காவலிருப்போரும் வலையைக் கட்டிக்கொள்ளலாம். டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பதால், பகலிலே உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

வேப்பெண்ணெய்: 750 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைக் கலந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு ஆகும். இதனைக் கை, கால், கழுத்து ஆகிய திறந்த இடங்களிற் பூசினால் அனோபிலிசு நுளம்பு விலகும். டெங்கு நுளம்புக்கு இதன் பயன் குறைவு. வேப்பெண்ணெயைக் குழந்தைகள் விழுங்கினால் வலிப்பும் மயக்கமும் உண்டாகி உயிராபத்து நேரலாம். ஆகவே போத்தலை எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பூசுதலும் ஆகாது.

சிற்றனெல்லா எண்ணெய்: இலங்கையின் தென்பகுதியில் நெடுங்காலமாகச் செய்கை பண்ணப்படும் சிற்றனெல்லாப் புல்லிலிருந்து வடிக்கப்படுவது இது. தேங்காயெண்ணெய் 20 பங்குக்கு இது ஒரு பங்கு வீதம் கலந்து பூசலாம். மணம் இருக்கும்வரையே காவல் இருக்கும். ஓரிரு மணிநேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வியர்வை மிகுந்தால் அதற்கும் முன்னரே பூச வேண்டும். கலக்காத எண்ணெய் தோலைச் சுடும். எந்த எண்ணெயையும் முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசிப் பார்த்து, சிவப்போ எரிவோ இல்லையாயிற் பயன்படுத்தலாம்.

புகை: வேப்பிலை, நொச்சியிலை ஆகியவற்றைத் தணலில் இட்டுப் புகைத்தல் பழைய வழக்கம். புகை உள்ளவரை நுளம்பு குறையும், அடங்கியதும் திரும்பும். மாட்டுக் கொட்டிலுக்கும் திறந்த முற்றத்துக்கும் இது ஏற்றது. மூடிய அறையிற் புகையிட்டு உறங்குவது கண்ணுக்கும் சுவாசத்துக்கும் கேடு செய்யும். இழுப்பு நோயுள்ளோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோர் இருக்குமிடத்திற் புகையிடலாகாது. பிளாத்திக்கு, ரயர் ஆகியவற்றை எரித்துப் புகையிடுதல் நஞ்சை முகர்வதற்கு ஒப்பாகும்.

துளசி, நொச்சி, சிற்றனெல்லா ஆகியவற்றை வீட்டைச் சுற்றி நட்டால் நுளம்பு வராது எனச் சிலர் நம்புகின்றனர். செடியை நடுவதால் மட்டும் நுளம்பு விலகுவதில்லை. இலையைக் கசக்கும்போதோ எண்ணெயை வடிக்கும்போதோதான் மணம் வெளிப்படும்.

கடித்த இடத்துக்குப் பரிகாரம்

கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்தல் எளிதும் சிறந்ததுமாகும். அப்பச்சோடாவைச் சிறிது நீரிற் குழைத்துப் பூசிப் பத்து நிமிடத்தின் பின் கழுவினால் அரிப்புத் தணியும். கற்றாழையின் உட்சோற்றை நன்கு கழுவி, மஞ்சள் நிறப் பால் நீங்கியபின் தடவினாற் குளிர்ச்சி உண்டாகும்.

சொறிதலை விலக்குதல் எல்லாவற்றிலும் முக்கியமானது. வயற்சேறும் எருவும் படிந்த நகத்தாற் சொறிந்தாற் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுதல் வேண்டும்.

செய்யத் தகாதனவும் உண்டு. சுண்ணாம்பு பூசினால் தோல் வேகும். மண்ணெண்ணெய் தேய்த்தாற் கொப்புளம் உண்டாகும். சாணமும் மண்ணும் பூசினாற் சொறிந்த புண்வழியே ஏற்புவலிக் கிருமி புகக்கூடும். தேசிக்காய்ச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் வேலை செய்தால், அது பட்ட இடம் தீச்சுட்டது போற் சிவந்து கொப்புளித்து, கரிய வடுவாய் நெடுநாள் இருக்கும். கடித்த இடம் பெரிதாய் வீங்கினாலும், சீழ் கொண்டாலும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

காய்ச்சல் கண்டால்

மேற்கூறியவை கடிக்கே பரிகாரமாகும், காய்ச்சலுக்கு அல்ல. டெங்குவை எந்த இலைச்சாறும் மாற்றுமென நம்பி வீட்டிலே காத்திருத்தல் பேராபத்தாகும்.

காய்ச்சல் கண்டவர் ஓய்வெடுத்து, கஞ்சி, இளநீர் முதலியவற்றை நிறைய அருந்தல் வேண்டும். வைத்தியர் கூறும் அளவிற் பரசிற்றமோல் மட்டுமே உட்கொள்ளலாம். அசுப்பிரின், ஐபுபுரோபன் முதலிய வலிநீக்கிகள் டெங்குவில் இரத்தப்போக்கை உண்டாக்கக் கூடியவை, அவற்றைத் தொடலாகாது. காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். காய்ச்சல் தணிந்ததும் நோய் நீங்கியது என எண்ணுதல் தவறு. டெங்குவில் அவ்வேளையே ஆபத்து வேளையாகும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தங் கசிதல், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் ஒரு கணமும் தாமதித்தலாகாது.

வயலில் வேலை செய்தவர் அதனை வைத்தியருக்குக் கட்டாயம் கூறல் வேண்டும். சேற்று நீரிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் டெங்குவைப் போன்றே காணப்படும்; அதற்குரிய மருந்து வேறு. மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியவர், காய்ச்சல் கண்டதும் அச்செய்தியைக் கூறி மலேரியாவுக்கான இரத்தச் சோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அவர் ஒருவரின் கவனத்தால் ஊர் முழுவதும் காக்கப்படும்.

வாரந்தோறும் செய்ய வேண்டியவை

வெள்ளிக்கிழமையாயினும் வேறு நாளாயினும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அரைமணி நேரத்தை ஒதுக்கி, பின்வருவனவற்றைச் செய்து வருதல் வேண்டும்.

1. வளவிலும் தோட்டத்திலும் நீர் தங்கிய சிறு பாத்திரங்களைக் கவிழ்த்தல்.
2. தொட்டி, வாளி, மாட்டுத் தண்ணீர்த் தாழி ஆகியவற்றை உட்புறம் தேய்த்துக் கழுவுதல்.
3. கிணற்றில் மீன் உயிரோடு இருக்கிறதா எனவும், மூடிய வலை கிழியாதிருக்கிறதா எனவும் பார்த்தல்.
4. வயலில் நீர் வற்றிய நாளைக் குறித்துக்கொண்டு, அடுத்த நீர் பாய்ச்சும் நாளை அதற்கேற்ப ஒழுங்கு செய்தல்.
5. வாய்க்காற் கரையிலும் துருசின் கீழும் தேங்கிய நீரை வடித்தல்.
6. படுக்கை வலையின் கிழிசல்களைத் தைத்தல்.

இவ்வேலைகளுக்குப் பணச்செலவு இல்லை. பிள்ளைகளும் இவற்றுட் பலவற்றைச் செய்யலாம். ஆயினும் ஒரு வளவு துப்புரவாயிருக்க, அடுத்த வளவிற் பத்துச் சிரட்டைகளில் நீர் நின்றால் இரு குடும்பத்துக்கும் கேடுதான். நுளம்புக்கு வேலி தடையன்று. ஆதலின் அயலவர் கூடி ஒரே நாளில் இவ்வேலையைச் செய்தால் முழுப் பயனும் கிடைக்கும்.

நீர் பாய்ச்சும் முறைபற்றி மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரையும், கிணறு, தொட்டி, நோய்த்தடுப்பு ஆகியன பற்றி அறிய விரும்புவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அணுகி ஆலோசனை பெறலாம்.